பொஹீமியன் படுக்கையறை: பெட்டிக்குள் இருக்கும் அழகு

வீட்டு அலங்காரம் என்று பேச்செடுத்தாலே 'பொஹீமியன்' என்ற சொல் இப்போது காதில் விழுகிறது. 'போஹோ' என்று செல்லமாகச் சுருக்கியும் சொல்கிறார்கள். மங்கிய செங்காவி நிறம், கட்டிலின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல விரிப்புகள், கண்ணாடி பதித்த குஷன் உறை, சுவரில் தொங்கும் துணி, மூலையில் மஞ்சள் வெளிச்சம் தரும் ஒரு விளக்கு: இவையே அந்தப் படுக்கையறையின் அடையாளங்கள். இந்தப் பெயர் ஒட்டிய பொருள்களுக்குக் கடைகளில் விலையும் சற்றுக் கூடுதல்தான்.

இந்தப் பாணி எங்கிருந்து வந்தது? டில்லி போன்ற ஊரில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் வாடகைக்குக் குடியிருக்கும் நாம் அதை அதிகச் செலவில்லாமல் எப்படி அமைத்துக்கொள்ளலாம்? இவ்விரண்டையும் இக்கட்டுரையில் படிப்படியாகப் பார்ப்போம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்தப் பாணியின் உயிர் புதுப்பொருள் வாங்குவதில் இல்லை. ஊர் ஊராகப் போன மனிதர்கள் சேர்த்த பொருள்களை ஓர் அறையில் ஒழுங்குபட வைப்பதில்தான் இருக்கிறது. மாற்றலாகி மாற்றலாகி வந்த குடும்பங்களில் அதற்கான பொருள்கள் பாதிக்கு மேல் ஏற்கெனவே இரும்புப் பெட்டிக்குள் உறங்கிக்கொண்டிருக்கின்றன.

பெயர் வந்த வழி

பொஹீமியா என்பது இன்றைய செக் குடியரசின் மேற்குப் பகுதி. பதினைந்தாம் நூற்றாண்டில் பிரான்சுக்கு வந்து சேர்ந்த நாடோடி மக்களை, பொஹீமியாவிலிருந்து வந்தவர்கள் என்று எண்ணிப் பிரெஞ்சுக்காரர்கள் 'பொஹீமியர்' என்று அழைத்தார்கள். ஆங்கிலேயர்களோ அவர்களை எகிப்தியர் என்று எண்ணி 'ஜிப்சி' என்றார்கள். இரண்டும் தவறு. அம்மக்கள் தங்களை ரோமா என்று சொல்லிக்கொள்கிறார்கள். அவர்களுடைய முன்னோர் நம் வட இந்தியாவிலிருந்து சென்றவர்கள் என்பதை மொழியியலும் மரபணு ஆய்வும் உறுதி செய்திருக்கின்றன. அவர்கள் மொழியில் ஒன்று, இரண்டு, மூன்று என்பது யேக், தூயி, த்ரின். ஐந்து என்பது பஞ்ச். தண்ணீர் என்பது பானி. டில்லியில் பள்ளிக்குப் போகும் நம் குழந்தைகளுக்கு இதை விளக்கிச் சொல்லவே வேண்டாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்தில் கையில் காசில்லாமல், மாடி அறைகளில் குடியிருந்த ஓவியர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் இந்தப் பெயர் இடம் மாறியது. ஆன்றி முர்ழே என்ற எழுத்தாளர் அவர்களுடைய வாழ்க்கையைக் கதைகளாக எழுதினார்; அவை 1851-ல் நூலாயின. அதையொட்டி இத்தாலிய இசைமேதை புச்சினி அமைத்த 'லா பொஹேம்' என்ற இசை நாடகம் 1896-ல் அரங்கேறியது. பெயர் உலகெங்கும் பரவியது. ஆனால் அந்தப் பெயருக்குரிய ரோமா மக்களை ஐரோப்பிய நாடுகள் ஊருக்கு ஊர் துரத்திக்கொண்டுதான் இருந்தன.

1960-களிலும் 70-களிலும் மேல்நாட்டு இளைஞர்கள் தரை வழியாக இந்தியாவுக்கு வந்தார்கள். திரும்பும்போது ராஜஸ்தானத்து அச்சு விரிப்பு, கட்ச் பகுதியின் கண்ணாடி வேலைப்பாடு போன்றவற்றை மூட்டை கட்டிக்கொண்டு போய் அறைகளில் விரித்தார்கள், தொங்கவிட்டார்கள். இன்று படங்களில் நாம் காணும் 'பொஹீமியன்' அறையின் தோற்றம் பெருமளவு அப்போது உருவானதே.

சோழமண்டலக் கரையின் கட்டில் விரிப்பு

ஆனால் நம் துணி அவர்கள் கட்டிலுக்குப் போனது அதற்கும் வெகு காலம் முன்பே. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் மசூலிப்பட்டினம் முதலான சோழமண்டலக் கரை ஊர்களிலிருந்து 'பலம்போர்' என்ற பெரிய வண்ண விரிப்புகள் ஐரோப்பாவுக்குக் கப்பலேறின. கட்டில் விரிப்பு என்று பொருள்படும் 'பலங்போஷ்' என்ற சொல்லின் திரிபு அது. நடுவில் கிளை பரப்பி நிற்கும் ஒரு மரம், கிளையெங்கும் பூவும் பறவையும் என்பது அதன் புகழ்பெற்ற அமைப்பு.

அதன் செய்முறை அதிசயமானது. பருத்தித் துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப்பாலிலும் நனைத்து உலர்த்துவார்கள். பிறகு மூங்கில் எழுதுகோலால் படிகாரக் கரைசலைத் தொட்டு எழுதுவார்கள். துணியைச் சாயவேரோடு சேர்த்துக் கொதிக்க வைத்தால், படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பாகும். இரும்புக் கரைசல் பட்ட இடம் கறுக்கும். நீலம் வேண்டிய இடத்தை விட்டு மற்ற இடங்களை மெழுகால் மூடி அவுரிச் சாயத்தில் தோய்ப்பார்கள். துவைத்தாலும் போகாத இந்தச் சாயத்தைக் கண்டு ஐரோப்பியர் வியந்தார்கள். அங்குள்ள நெசவாளர்களோ பிழைப்புப் போகிறதே என்று கலங்கினார்கள். பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை வண்ணம் அச்சிட்ட பருத்தித் துணிகளுக்குத் தடை போட்டது. இங்கிலாந்து 1700-லும் 1721-லும் சட்டங்கள் இயற்றியது.

ஆகவே இந்த அலங்காரத்தை நாம் மேல்நாட்டு நாகரிகம் என்று எண்ணி ஒதுங்கவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். இனி அறைக்குள் போவோம்.

முதற்படி: அறையைக் காலி செய்தல்

பலவிதத் துணிகளும் பலவித நிறங்களும் சேரும் பாணி இது. அறையில் ஏற்கெனவே சாமான் நெருக்கினால் அழகு வராது. பழைய துணிக் கிடங்கு போலத்தான் தோன்றும். எனவே முதல் வேலை கழித்தல். கட்டில், துணி அலமாரி, ஒரு பெட்டி, ஒரு முக்காலி, இவ்வளவே போதும். அட்டைப் பெட்டிகள், ஓடாத மின்விசிறி, பழைய செய்தித்தாள் கட்டு ஆகியவை வெளியே போகட்டும்.

மாற்றலாகி வரும்போது கொண்டுவந்த இரும்புப் பெட்டியை வெளியே தள்ள வேண்டியதில்லை. கட்டிலின் கால்மாட்டில் அதை வைத்து, மேலே மடித்த ஒரு மெத்தை விரிப்பைப் போட்டால் உட்காரும் ஆசனம் ஆகிவிடும். உள்ளே குளிர்காலத்து ரஜாய்கள் இருக்கும்.

இரண்டாம்படி: நிறம்

வாடகை வீட்டில் சுவருக்கு வண்ணமடிக்க வீட்டுக்காரர் சம்மதிப்பது அரிது. சுவர் வெள்ளையாகவே இருக்கட்டும், அது நல்லதே. நிறமெல்லாம் துணியிலிருந்து வரவேண்டும்.

அறை வெதுவெதுப்பாகத் தோன்ற மண்ணின் நிறங்கள் உதவும்: செங்கல், காவி, மஞ்சள், காப்பிப்பொடி நிறம், பழுப்பு வெள்ளை. இவற்றில் மூன்றைத் தேர்ந்தெடுத்து அறை முழுவதும் வருமாறு செய்யுங்கள். இவற்றோடு குளிர்ந்த நிறம் ஒன்றே ஒன்று, உதாரணமாக அவுரி நீலம், சிறிதளவு சேரட்டும். சாம்பாரில் பெருங்காயம்போல் அது அளவோடு இருந்தால்தான் மற்ற நிறங்கள் எடுபடும். பூப்போட்டது, கோடு போட்டது, கட்டம் போட்டது என்று மூன்றையும் கலக்கலாம். ஆனால் ஏதாவது ஒரு நிறம் மூன்றிலும் பொதுவாக இருக்க வேண்டும். பொருத்தத்தின் இரகசியம் இதுதான்.

மூன்றாம்படி: தரை

டில்லியின் மொசைக் தரை ஜனவரியில் காலைச் சுடுவதுபோல் குளிரும். இங்கே நமக்குக் கைகொடுப்பது ஜமுக்காளம். ஈரோடு மாவட்டத்துப் பவானியின் ஜமுக்காளம் கெட்டிப் பருத்தி நூலில் நெய்தது. சிவப்பு, பச்சை, நீலம் என்று அகன்ற பட்டைகளாக ஓடும் அதன் வண்ணங்களை நாம் கல்யாண வீடுகளில் பார்த்திருக்கிறோம். கல்யாணத்துக்கு என்று வாங்கி, பிறகு பரணுக்குப் போய்விட்ட ஜமுக்காளம் இருந்தால் எடுத்துத் தட்டி வெயிலில் போடுங்கள். முழு அகலமும் விரிக்க இடமில்லையென்றால் இரண்டாக மடித்துக் கட்டிலின் இடப்புறம் நீளவாக்கில் விரிக்கலாம்.

1985-ல் இயற்றிய கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் கைத்தறிக்கென்று ஒதுக்கிய வகைகளில் ஜமுக்காளமும் ஒன்று. பவானி ஜமுக்காளம் புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. இருந்தும் விசைத்தறி நகல்கள் சந்தையில் நுழைந்துவிட்டன. கூலி கட்டுப்படியாகாமல் இளைஞர்கள் தறியைவிட்டு விலக, குழித்தறியில் பெரும்பாலும் வயதானவர்களே உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு ஜமுக்காளம் வாங்கி வந்தால், நமக்கு இருபது ஆண்டுத் துணை, அவர்களுக்குச் சில நாள் வேலை.

கோடையில் ஜமுக்காளத்தைச் சுருட்டி வைத்துவிட்டுப் பாய் விரிக்கலாம். தாமிரபரணிக் கரையின் கோரையில் பத்தமடையில் நெய்யும் பாய் பருத்திநூல் பாவில் கோரை ஊடாக ஓடுவது. நயமான வகையில் கோரையை இழை இழையாகக் கிழித்து நெய்வார்கள், துணிபோல மடியும். எலிசபெத் அரசியின் 1953-ஆம் ஆண்டு முடிசூட்டு விழாவுக்கு அனுப்பிய பெருமை அதற்கு உண்டு. அவ்வளவு நயமானதைத் தரையில் போட மனம் வராவிட்டால் கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் தொங்கவிடலாம். சாதாரணக் கோரைப்பாய் தரைக்குப் போதும்.

நான்காம்படி: கட்டில்

கட்டில்தான் இந்த அறையின் நடுநாயகம். அதை மூன்று அடுக்காக அமைக்க வேண்டும்.

முதல் அடுக்கு, வெளிர் நிறத்தில் ஒரு பருத்தி விரிப்பு. தினமும் உடம்பில் படுவது, அடிக்கடி துவைப்பது. பூவேலை, கண்ணாடி எதுவும் வேண்டாம்.

இரண்டாவது, பகலில் மேலே போடும் வண்ண விரிப்பு. சாங்கானேர், பாக்ரு ஆகிய ஊர்களின் அச்சுத் துணி பொருத்தமாக இருக்கும். இரண்டும் ஜெய்ப்பூருக்கு அருகில் உள்ளவை. வெள்ளைத் தரையில் நுணுக்கமான பூக்கள் சாங்கானேரின் அடையாளம். பாக்ருவில் துணியைக் கடுக்காயில் தோய்த்து, இரும்புத் துண்டையும் வெல்லத்தையும் ஊறப்போட்டுக் கிடைக்கும் கறுப்பாலும், படிகாரத்தின் துணையோடு வரும் சிவப்பாலும் அச்சிடுவார்கள். சோழமண்டலத்தில் நாம் பார்த்த அதே இரசாயனம்தான். அடர்ந்த நீலமும் சிவப்பும் விரும்புவோருக்குக் கட்ச் பகுதியின் அஜ்ரக் உண்டு. 2001 நிலநடுக்கத்துக்குப் பிறகு அச்சுத் தொழிலாளர் குடும்பங்கள் அஜ்ரக்பூர் என்ற புது ஊரையே அமைத்து இத்தொழிலைத் தொடர்கின்றன.

மூன்றாவது, கால்மாட்டில் மடித்துப் போடும் போர்வை. கோடையில் பானிப்பட்டுப் பக்கத்தின் 'கேஸ்' எனப்படும் கெட்டிப் பருத்திப் போர்வை. குளிரில் ஜெய்ப்பூர் ரஜாய். தலையணைகள் நான்கு போதும். அதில் ஒன்றிரண்டுக்கு மட்டும் கண்ணாடி வேலை உறை போடுங்கள். படுக்கும்போது அவற்றை எடுத்து வைத்துவிட வேண்டும். கன்னத்தில் கண்ணாடி குத்தினால் அலங்காரத்தின் மேலேயே வெறுப்பு வந்துவிடும்.

ஐந்தாம்படி: சுவரும் சன்னலும்

சுவரில் துணி தொங்கவிடத் துளை போட வேண்டும் என்பதில்லை. துணியின் மேல் விளிம்பை இரண்டு அங்குலம் மடித்துத் தைத்துக் குழல்போல் ஆக்கி, அதற்குள் ஒரு மூங்கில் கழியைச் செருகுங்கள். கழியின் இரு முனைகளிலும் கயிறு கட்டி, ஏற்கெனவே இருக்கும் ஆணியிலோ சன்னல் திரைக் கம்பியிலோ மாட்டலாம். பட்டுப்போன பழைய பட்டுப்புடவையின் முந்தானை, பாட்டி கையால் பின்னிய மேசை விரிப்பு, பஞ்சாபி அண்டை வீட்டார் கல்யாணத்தில் அன்பளிப்பாகத் தந்த புல்காரித் துப்பட்டா எதுவானாலும் சரி. ஒரு சுவரில் ஒன்று போதும். ஓதம் ஏறும் சுவரில் மாட்டாதீர்கள். இரண்டே மழைக்காலத்தில் துணி கறை பிடித்துவிடும்.

சன்னலுக்குப் பழைய சுங்குடிப் புடவையோ செட்டிநாட்டுக் கட்டம் போட்ட புடவையோ திரைச்சீலையாகும். மேற்குச் சன்னலில் புடவை மட்டும் போட்டால் மே மாத வெயில் ஓராண்டில் நிறத்தை வெளுக்கச் செய்யும். உட்புறம் வெளிப்புறமாக வெள்ளைக் காடாத் துணி வைத்துத் தைத்தால் புடவையும் பிழைக்கும், வெயிலும் மட்டுப்படும்.

ஆறாம்படி: வெளிச்சம்

எவ்வளவு துணி விரித்தாலும் வெள்ளைக் குழல்விளக்கைப் போட்டால் அறை மருத்துவமனை வார்டுபோல் ஆகிவிடும். எல்.இ.டி. பல்பு வாங்கும்போது அட்டைப்பெட்டியில் 'கெல்வின்' எண்ணைப் பாருங்கள். 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. பாடம் படிக்க அது இருக்கட்டும். இரவுக்கு 2700 அல்லது 3000 எண் உள்ள பல்பு வேண்டும். பழைய குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சம் கிடைக்கும். கட்டிலருகே முக்காலியின் மேல் ஐந்து அல்லது ஏழு வாட்டில் ஒன்று போதும்.

செய்து பார்க்க: புடவையில் ஒரு போர்வை

வங்காளத்தின் காந்தாவும் பீகாரின் சுஜனியும் பழம்புடவைகளை அடுக்கிக் கையால் ஓட்டுத் தையல் போட்டு உருவானவை. நம் வீடுகளிலும் குழந்தைக்குப் பழம்புடவையை மடித்துத் தைத்துப் போடுவது வழக்கம். பெரிய கட்டிலுக்கு அதைச் செய்யும் முறை இது.

தேவை: நைந்துபோகாத, ஆனால் நன்றாகத் துவைத்து மிருதுவான பருத்திப் புடவைகள் மூன்று. பட்டும் நைலக்ஸும் ஒத்து வராது.

1. ஃபால்ஸைப் பிரித்துவிட்டுப் புடவைகளைத் துவைத்து இஸ்திரி போடவும்.

2. ஐந்தரை மீட்டர் புடவையிலிருந்து 2.3 மீட்டர் நீளத்தில் இரண்டு துண்டுகள் வெட்டவும். நீளவாட்டில் இணைத்துத் தைத்தால் ஏறக்குறைய 2.25 மீட்டர் சதுரம் கிடைக்கும். ஆறடி அகலக் கட்டிலில் இருபுறமும் ஒரு சாண் தொங்கும். மீதித் துணி தலையணை உறைக்கு. ஒன்பது கஜமானால் மூன்று துண்டுகள் கிடைக்கும்.

3. இதேபோல் மூன்று சதுரங்கள் செய்யவும். தரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விரிக்கும்போது நடுச் சதுரத்தை மட்டும் கால்வட்டம் திருப்பிப் போடவும். அப்போதுதான் இணைப்புத் தையல்கள் ஒரே இடத்தில் குவிந்து தடிக்காமல் இருக்கும்.

4. நடுவிலிருந்து ஓரம் நோக்கித் துணியை நீவி, சாண் இடைவெளியில் பெரிய தற்காலிகத் தையல் போட்டு மூன்றையும் பிணைக்கவும். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் துணி உப்பி நிற்கும்.

5. பிறகு இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் வரிசை வரிசையாக ஓட்டுத் தையல் போடவும். தையல் அரை சென்டிமீட்டர் நீளம் இருக்கலாம். நூலை இறுக்கி இழுக்க வேண்டாம். முடிச்சு இரண்டு அடுக்குகளுக்கு நடுவே மறையட்டும்.

6. ஓரங்களை உள்ளே மடித்தோ, புடவைக் கரையைப் பட்டியாக வைத்தோ தைத்து முடித்து, தற்காலிகத் தையலைப் பிரிக்கவும்.

ஒரு குளிர்காலம் முழுவதும் பிடிக்கும் வேலை. மாமியார், மருமகள், பேத்தி என்று எதிரெதிரே உட்கார்ந்து தைத்தால் சீக்கிரம் முடியும்.

வாங்கும்போது கவனிக்க

அச்சுத் துணியைத் திருப்பிப் பாருங்கள். கைக்கட்டையால் அச்சிட்டதில் ஒரு பூவுக்கும் அடுத்ததற்கும் இடையே சிறு பிசகாவது தெரியும்; பின்புறமும் சாயம் ஓரளவு ஊறியிருக்கும். எல்லாம் அச்சுப் பிசகாமல் இருந்து, பின்புறம் வெளுத்திருந்தால் அது பெரும்பாலும் இயந்திர அச்சு. கண்ணாடி வேலையில் கண்ணாடியைச் சுற்றி நூல் பிடித்திருக்கிறதா, பசையால் ஒட்டியதா என்று நகத்தால் நெருடிப் பாருங்கள். கைத்தறித் துணிக்கு 2006 முதல் அரசின் 'கைத்தறி முத்திரை' உண்டு, கேட்டு வாங்கலாம்.

டில்லியில் 1994-ல் திறந்த ஐ.என்.ஏ. தில்லி ஹாட்டில் பல மாநிலக் கைவினைஞர்களுக்குச் சுழற்சி முறையில் கடை கிடைக்கிறது. செய்தவரிடமே விவரம் கேட்கலாம். பாபா கடக் சிங் மார்க்கில் மாநில அரசு விற்பனை நிலையங்கள் வரிசையாக இருக்கின்றன. ஜன்பத் ஓரத்தில் குஜராத்திப் பெண்கள் விற்கும் துண்டுத் துணி வேலைப்பாட்டுக்குப் பேரம் பேசலாம். எதுவும் வாங்காமல் கண்ணைப் பழக்க, பிரகதி மைதானத்தை அடுத்த தேசிய கைவினை அருங்காட்சியகம் இருக்கிறது.

பாதுகாப்பு

சாயத் துணியை முதல் இரண்டு மூன்று முறை தனியாக, குளிர்ந்த நீரில் அலசி நிழலில் உலர்த்தவும். ஈர வெள்ளைத் துணியால் ஓர் ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தால் சாயம் போகுமா என்று தெரிந்துவிடும். பெட்டியில் வைக்கும் துணிகளுக்கிடையே காய்ந்த வேப்பிலையோ வசம்பையோ சிறு துணியில் முடிந்து வைக்கலாம். ரஜாயைத் துவைக்காமல் வெயிலில் காயவைத்துத் தட்டுவதே முறை.

வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் அவர் அறையில் சுவர்த் துணியும் கனத்த விரிப்பும் வேண்டாம். தூசியில் வாழும் நுண்பூச்சிகள் அவற்றில் பெருகும். அங்கே பாயும் துவைக்கக்கூடிய மெல்லிய பருத்தியும் போதும். படுக்கை விரிப்புகளை 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் அப்பூச்சிகள் அழியும். அதனால் அந்த அறைக்குச் சாயம் போகாத துணியாகத் தேர்ந்தெடுங்கள்.

ரூம் ஹீட்டர் எந்தத் துணிக்கும் மூன்றடிக்குள் இருக்கக்கூடாது. தூங்கும்போது அணைத்துவிட வேண்டும். விளக்கின் மேல் துணி போர்த்தி வெளிச்சத்தைக் குறைப்பதும், துணியருகே மெழுகுவர்த்தி ஏற்றுவதும் அறவே கூடாது.

பயிற்சி

வரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டிலுள்ள பெட்டியைத் திறந்து ஒவ்வொரு துணியாக வெளியே எடுங்கள். இது எந்த ஊரில் நெய்தது, யார் வாங்கியது, எந்த விசேஷத்துக்கு வந்தது என்று ஒரு நோட்டில் எழுதக் குழந்தைகளிடம் சொல்லுங்கள். எழுதத் தெரியாமல் விடுபடும் வரிகளுக்கு ஊரிலுள்ள பாட்டியிடம் தொலைபேசியில் கேட்கட்டும். அந்தப் பட்டியல் முடிந்த பிறகு எதை விரிக்கலாம், எதைத் தொங்கவிடலாம், எதைப் போர்வையாகத் தைக்கலாம் என்று முடிவு செய்யுங்கள். கடைக்குப் போகும் வேலை அதற்கப்புறம்தான்.